ரத்து ஆணையில் கையெழுத்திடும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கம், அறக்கட்டளை, தொண்டு நிறுவனம், தொழிற்சங்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யவும் புதுப்பிக்கவும் ரத்து செய்யவும் அதிகாரம் பெற்ற அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நாட்டுத் தலைவர்களுக்குத் திறந்த மடல் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். தலைவர்கள் அவற்றைப் படிப்பதில்லை என்பது எழுதுகிறவர்களுக்கே தெரியும். உங்களுக்கு வரும் கடிதங்கள் வேறு மாதிரி: விண்ணப்பம், விளக்கம், அவகாசம் கேட்டு மன்றாடல், நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல். எல்லாமே பணிவாகத் தொடங்கிக் கோப்பு எண்ணில் வந்து நிற்பவை. முடிவெடுக்கிற ஒரு மனிதராக உங்களை நினைத்து யாராவது எழுதியிருப்பார்களா என்பது சந்தேகம். அப்படி ஒன்று எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வரி போதும். சில சிறிய அமைப்புகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். ஆண்டறிக்கை, வரவு செலவு, பொதுக்குழுத் தீர்மானம், உறுப்பினர் பட்டியல், ஆடிட்டர் சான்று என்று உங்கள் மேசைக்கு வந்து குவியும் காகிதங்களை மறுபக்கத்திலிருந்து தயாரிப்பவன். அதனால் உங்கள் வேலையின் சலிப்பு எனக்கும் ஓரளவு தெரியும். அந்தச் சலிப்புக்குள் ஒளிந்திருக்கும் அதிகாரமும் தெரியும்.

எதேச்சதிகாரம் என்றதும் தெருவில் டாங்கிகள் வருவதையும் வானொலி நிலையம் பறிபோவதையும் நினைக்கிறோம். அந்த வகை ஒழிந்துவிடவில்லை. 2021 பிப்ரவரியில் மியான்மரில் அப்படித்தான் வந்தது. ஆனால் பெரும்பாலான நாடுகளில் அது இப்போது தேர்தலில் வென்று, நாடாளுமன்றத்தில் சட்டமாகி, அரசிதழில் அச்சேறி, அப்புறம் ஒரு சுற்றறிக்கையாக உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்கிறது. உலக நாடுகளின் ஜனநாயக நிலையை அளவிடும், சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வி-டெம் நிறுவனம் தன் 2025 அறிக்கையில் 91 எதேச்சதிகார நாடுகள், 88 ஜனநாயக நாடுகள் என்று கணக்குக் காட்டியது. இருபது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் முதல் வகை எண்ணிக்கையில் முந்தியது அதுவே முதல்முறை. இந்த மாற்றத்தின் பெரும்பகுதி துப்பாக்கி இல்லாமல் நடந்தது. துப்பாக்கி இல்லாமல் நடந்த இடங்களில் எல்லாம் ஒரு கோப்பு நகர்ந்திருக்கிறது. அதை யாரோ ஒருவர் நகர்த்தியிருக்கிறார்.

நிகரகுவாவைப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 19 அன்று ஒரே ஆணையில் 1,500 அமைப்புகளின் பதிவை அங்கே ரத்து செய்தார்கள். நிதி அறிக்கைகளை ஒழுங்காகத் தாக்கல் செய்யவில்லை என்பது காரணம். சொத்துகள் அரசுக்குப் போகும் என்றும் அறிவிப்பு. அரசியலை ஒரு நிமிடம் ஒதுக்கிவிட்டு, அலுவலக வேலையாக மட்டும் இதை யோசியுங்கள். ஒரு கோப்புக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் 1,500 கோப்புகளுக்கு 250 மணி நேரம் ஆகும். அறிவிப்பு அனுப்பி, பதில் வாங்கி, பதிலைப் படித்து, குறிப்பெழுதி, ஆணை தயாரிக்க எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 1,500 கோப்புகளையும் யாரும் படித்திருக்க முடியாது. பட்டியலைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2018க்குப் பிறகு அந்த நாட்டில் மூடப்பட்ட அமைப்புகள் 5,000க்கும் மேல். அரசை எதிர்த்துக் கோஷம் போட்டவர்களின் அமைப்புகள் மட்டும்தான் அதில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். 1928இல் தொடங்கிய நிகரகுவா மொழிக் கழகம் 2022இல் போனது. அகராதி வேலை பார்த்தவர்கள். அன்னை தெரசா தொடங்கிய சபையின் சகோதரிகள் அதே ஆண்டில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொண்டிருந்தவர்கள். 2023இல் செஞ்சிலுவைச் சங்கம். ஏன் இவர்கள் எல்லாம் என்று கேட்டால், எனக்குத் தோன்றும் விடை ஒன்றுதான். மனிதர்கள் தாங்களாகவே கூடி, தாங்களாகவே ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, தாங்களாகவே கணக்குப் பார்க்கும் எந்த இடமும் இந்த வகை ஆட்சிக்கு உறுத்தலாக இருக்கிறது. அங்கே என்ன பேசுகிறார்கள் என்பது இரண்டாம் பட்சம். 1933இல் ஜெர்மனியில் நாஜிகள் தொழிற்சங்கங்களை ஒழித்ததோடு நிற்கவில்லை. பாடகர் குழுக்களையும் சதுரங்கக் கழகங்களையும்கூடத் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நம் காலத்து ஆட்சிகளை நாஜிகள் என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை மலிந்துபோய்விட்டது. உறுத்தல் ஒரே வகையானது என்கிறேன்.

சரி, நிகரகுவா ஓர் எல்லை. பெரும்பாலான நாடுகளில் பட்டியல் இப்படி மொத்தமாக வருவதில்லை, விதி வருகிறது. யாராலும் முழுமையாகக் கடைப்பிடிக்க முடியாத விதி.

பெலாரஸின் வியாஸ்னா கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எல்லாக் கண்ணிகளும் இருக்கின்றன. 1996இல் தொடங்கிய மனித உரிமை அமைப்பு அது. 2003இல் அதன் பதிவை நீதிமன்றம் ரத்து செய்தது. அது அமைப்புச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று ஐநா மனித உரிமைக் குழு 2007இல் சொன்னது, பதிவு திரும்பவில்லை. பதிவு இல்லாத அமைப்புக்கு நாட்டுக்குள் வங்கிக் கணக்கு கிடைக்காது. அதனால் அதன் தலைவர் அலெஸ் பியாலியாட்ஸ்கி லித்துவேனியாவிலும் போலந்திலும் தன் பெயரில் கணக்கு வைத்து வேலையை நடத்தினார். பெலாரஸ் அரசு வரி விவரம் என்று கேட்க, அந்த இரண்டு நாடுகளின் அதிகாரிகளும் சட்ட உதவி ஒப்பந்தப்படி வழக்கம்போலத் தகவலைக் கொடுத்துவிட்டார்கள். 2011இல் அவர் வரி ஏய்ப்புக் குற்றத்துக்குச் சிறை சென்றார். 2014 வரை உள்ளே. அமைப்புக்கு வந்த பணத்தை அவர் சொந்த வருமானமாகக் கணக்கிட்டதுதான் வழக்கு. இன்னொன்றும் உண்டு: பதிவு இல்லாத அமைப்பின் பேரில் செயல்படுவதே குற்றம் என்று 2005 இறுதியில் அங்கே சட்டத் திருத்தம் வந்தது. பதிவு தரமாட்டோம், பதிவில்லாமல் இயங்கினால் சிறை. 2019இல் அந்தப் பிரிவை எடுத்தார்கள், 2022இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பியாலியாட்ஸ்கி 2021இல் மறுபடி கைதானார். 2022இல் அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோதும் சிறையில்தான் இருந்தார்.

இதில் எத்தனை அலுவலர்கள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பதிவு ரத்துக்குக் கோப்புத் தயாரித்தவர், கணக்கு திறக்க மறுத்த வங்கி ஊழியர், வரித்துறையில் குறிப்பெழுதியவர், எல்லை தாண்டிய நாட்டில் ஒரு வேண்டுகோளைப் பார்த்துப் பதில் அனுப்பியவர். எல்லோரும் விதிப்படியே நடந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியும். கடைசியில் சொன்னவர்கள் ஜனநாயக நாட்டு அலுவலர்கள் என்பதையும் கவனியுங்கள். அங்கே பிற்பாடு இதற்காக வருத்தம் தெரிவித்தார்கள். அதற்குள் அவர் உள்ளே போயிருந்தார்.

ரஷ்யாவின் கதையில் விதி இன்னும் சின்னது. 2012 சட்டப்படி வெளிநாட்டுப் பணம் பெற்று 'அரசியல் செயல்பாட்டில்' ஈடுபடும் அமைப்பு, வெளிநாட்டு முகவர் என்று தன்னைப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. எது அரசியல் செயல்பாடு என்பதற்கு எல்லையே கிடையாது. முதலில் மாட்டியது தேர்தல்களைக் கண்காணிக்கும் கோலோஸ். நார்வேயில் கிடைத்த ஒரு விருதின் தொகைதான் வெளிநாட்டு நிதி என்றார்கள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று கோலோஸ் சொல்லியும் 2013இல் அபராதம் விழுந்தது. ஸ்டாலின் காலத்தில் கொல்லப்பட்டவர்கள், முகாம்களில் அடைபட்டவர்கள் என்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைத் திரட்டி வைத்திருந்த மெமோரியல் அமைப்பை 2021 டிசம்பர் 28 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் கலைத்தது. குற்றம் என்ன? தன் வெளியீடுகள் சிலவற்றில் 'வெளிநாட்டு முகவர்' என்ற அறிவிப்பைப் போடத் தவறியது. முப்பது ஆண்டு உழைப்பு ஒரு முத்திரை விடுபட்டதற்காகப் போனது. சட்டத்தை ஆதரிப்பவர்கள், நீதிமன்றத்தில் வாதாடும் வாய்ப்பு கொடுத்தோமே என்பார்கள். கொடுத்தார்கள், உண்மைதான்.

அடுத்து, வெளிநாட்டுப் பணம். உங்களில் பலர் மனதார நம்பும் வாதம் இது என்பதால் இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. வெளியிலிருந்து வரும் பணத்தைக் கண்காணிக்க எந்த அரசுக்கும் உரிமை உண்டு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்தச் சட்டங்களைக் கொண்டுவருகிறவர்கள் உடனே அமெரிக்காவைக் காட்டுவார்கள், அங்கே 1938 முதலே வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம் இருக்கிறதே என்று. இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் பணம் வாங்கியது மட்டும் போதாது. வெளிநாட்டு எஜமானர் ஒருவரின் உத்தரவுக்கோ கட்டுப்பாட்டுக்கோ வேண்டுகோளுக்கோ இணங்கி நீங்கள் செயல்படுவதாக இருக்க வேண்டும். ரஷ்யாவும், அதைப் பின்பற்றி 2024இல் ஜார்ஜியாவும் இந்த இணைப்பை வெட்டி எறிந்துவிட்டன. ஜார்ஜியச் சட்டத்தின்படி வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வந்தால் போதும், யார் உத்தரவிட்டார்கள் என்று யாரும் நிரூபிக்க வேண்டாம். 2023 மார்ச்சில் மக்கள் தெருவுக்கு வந்ததும் மசோதாவைத் திரும்பப் பெற்ற அதே ஆளுங்கட்சி, அடுத்த ஆண்டு பெயரைக் கொஞ்சம் மாற்றித் திரும்பக் கொண்டுவந்து, குடியரசுத் தலைவரின் மறுப்பையும் மீறி நிறைவேற்றியது.

இந்தியாவின் அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டம் நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த 1976இல் பிறந்தது. நெருக்கடி நிலை போன பிறகும் தங்கிவிட்டது. 2010இல் புதிதாக எழுதப்பட்டு, 2020இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தில் மூன்று விஷயங்கள் முக்கியம். வெளிநாட்டுப் பணம் எல்லாம் டெல்லியில் உள்ள ஒரே வங்கிக் கிளையின் வழியாகத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பணம் பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது. கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மூன்றாவதுதான் மிகக் கடுமையானது. பெரிய அமைப்புக்கு நிதி திரட்டத் தெரியும். சின்ன அமைப்புக்கு மக்களைத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருந்த வாய்க்காலை மண் போட்டு மூடியாகிவிட்டது. நிர்வாகச் செலவு வரம்பும் லேசுப்பட்டதல்ல. ஆராய்ச்சி, வழக்காடல், ஆவணப்படுத்தல் போன்ற வேலைகளில் ஆட்களின் சம்பளம்தான் முக்கியச் செலவு.

எல் சால்வடார் 2025இல் வெளிநாட்டிலிருந்து வரும் தொகைக்கு 30 சதவீத வரி போட்டது. எத்தியோப்பியா 2009இலேயே, மனித உரிமை பேசும் அமைப்புகள் வெளிநாட்டிலிருந்து பெறுவது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது; அங்கிருந்த மனித உரிமைக் கவுன்சில் தன் கிளைகளில் பெரும்பாலானவற்றை மூட வேண்டியதாயிற்று. ஒரு நாடு எழுதுவதை இன்னொன்று பார்த்து எழுதுகிறது. கையெழுத்து ஒன்று, மை வேறு.

இன்னொரு சாக்கும் உங்கள் மேசையில் இருக்கும்: பயங்கரவாத நிதியைத் தடுக்கும் சர்வதேசக் கடமை. பணமோசடிக்கும் பயங்கரவாத நிதிக்கும் எதிரான விதிகளை வகுக்கும் எஃப்.ஏ.டி.எஃப் என்ற பன்னாட்டு அமைப்பின் எட்டாவது பரிந்துரை. லாப நோக்கற்ற அமைப்புகள் பயங்கரவாதிகளின் கையில் சிக்க 'குறிப்பாக எளிதானவை' என்று அது முன்பு சொன்னது உண்மைதான். 2016இல் அந்த வாசகத்தை அவர்களே எடுத்துவிட்டார்கள். 2023இல் இன்னும் திருத்தி, ஆபத்து உள்ள இடத்தில் மட்டும், ஆபத்துக்குத் தகுந்த அளவில் மட்டும் நடவடிக்கை வேண்டும் என்றார்கள். ஆனாலும் துருக்கி 2020 டிசம்பரில் பேரழிவு ஆயுதங்களுக்கு நிதி போவதைத் தடுக்கும் சட்டம் என்ற பெயரில், சங்க நிர்வாகிகளைப் பதவியிலிருந்து நிறுத்திவைக்க உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. அடுத்த முறை 'சர்வதேசக் கடமை' என்று குறிப்பெழுதும்போது எந்த ஆண்டின் வாசகத்தைச் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்லாமல் விடக் கூடாது. அறக்கட்டளை என்ற பெயரில் குடும்பச் சொத்தைப் பாதுகாப்பவர்கள் உண்டு. ஒரே கட்டடத்தைக் காட்டி மூன்று இடத்தில் நிதி வாங்குபவர்கள் உண்டு. இருபது ஆண்டு ஒரே தலைவர், பொதுக்குழு கூடியதாகக் காகிதத்தில் மட்டும் ஒரு தீர்மானம், இதெல்லாம் உண்டு. ஜனநாயகம் பேசும் சில அமைப்புகளுக்குள் அது மருந்துக்கும் கிடையாது. இவற்றை நீங்கள் பிடித்தால் முதலில் கைதட்டுபவர்கள் எங்களைப் போன்ற கணக்கர்களாகத்தான் இருப்போம். ஆனால் மோசடியைப் பிடிக்கும் சட்டமும் வாயை அடைக்கும் சட்டமும் வேறுவேறு என்று உங்களுக்கு எளிதாகத் தெரியும். முதல் வகையில் கேள்வி பணம் எங்கே போனது என்பது. இரண்டாவது வகையில் யாரும் அதைக் கேட்பதே இல்லை. என்ன அறிக்கை வெளியிட்டீர்கள், யார் கூட்டத்தில் பேசினார்கள், அந்த வழக்கில் ஏன் மனு போட்டீர்கள் என்று கேள்விகள் வேறெங்கோ போகும். மோசடி அமைப்புகள் பெரும்பாலும் இதில் தப்பிவிடுவதும் வழக்கம். ஒழுங்காகக் கணக்குத் தாக்கல் செய்கிறவனிடம்தானே தவறு கண்டுபிடிக்கக் காகிதம் இருக்கிறது?

'மேலிடத்து உத்தரவு, நாங்கள் என்ன செய்ய முடியும்?' என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த மடலில் நான் வாதாட விரும்புவது இதோடு மட்டும்தான்.

1980இல் போலந்தில் சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பதிவுக்கு விண்ணப்பித்தது. பிற்பாடு கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் சேர்ந்த இயக்கம், கடைசியில் வந்து நின்றது வார்சாவில் ஒரு நீதிபதியின் மேசையில். அக்டோபர் 24 அன்று அவர் பதிவு கொடுத்தார். கொடுக்கும்போது கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைப் பங்கை ஏற்கும் வாசகத்தைச் சங்கத்தின் விதிகளுக்குள் தானாகவே செருகிவிட்டார். விண்ணப்பித்தவர்கள் எழுதாத வாசகம். நாடு முழுவதும் வேலைநிறுத்த மிரட்டல் எழுந்தது. நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் செருகலை நீக்கிப் பதிவை உறுதி செய்தது. அதே ஆட்சி, அதே சட்டம், பதினேழு நாள் இடைவெளி. கையெழுத்து மட்டும் வேறு. வெளியே தொழிலாளர்கள் நின்றதால்தான் உச்ச நீதிமன்றத்துக்குத் தைரியம் வந்தது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதிகளுக்குள் கை வைக்கும் இடமும் கை எடுக்கும் இடமும் இருந்தது என்பது அதனால் மாறிவிடாது.

கென்யாவில் பாலினச் சிறுபான்மையினருக்கான ஓர் அமைப்பின் பெயரையே ஏற்க முடியாது என்று பதிவு அலுவலர் 2013இல் மறுத்தார். 2015இல் உயர் நீதிமன்றம், 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2023இல் உச்ச நீதிமன்றம் என்று மூன்று இடத்திலும் மறுப்பு தவறு என்றே தீர்ப்பு. பத்து ஆண்டு. அந்த ஒரு கையெழுத்தைத் திருத்த ஒரு நாட்டின் நீதித்துறை முழுக்க ஏறி இறங்க வேண்டியிருந்தது.

அலுவலர்கள் தாமாகவே முந்திக்கொண்டு செய்வதையும் நாம் பேசியாக வேண்டும். உத்தரவு வந்திருக்காது, வரும் என்று ஊகித்துச் செய்வது. அமைச்சர் ஒரு மேடையில் முகம் சுளித்தார் என்பதற்காக அந்த அமைப்பின் புதுப்பித்தல் மனுவைக் கீழே போட்டு வைப்பது. தொலைபேசியில் வந்த ஒரு சொல்லை எழுத்தில் கேட்காமலேயே நிறைவேற்றுவது. இந்தியாவின் நெருக்கடி நிலையை விசாரித்த ஷா கமிஷன் கண்டவற்றில் எனக்கு மறக்காமல் நிற்பது இதுதான்: தடுப்புக் காவல் ஆணைகளில் முதலில் கையெழுத்து, காரணங்கள் பின்னால். கையெழுத்திட்டவர்கள் கொடியவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நல்ல மதிப்பெண் வாங்கி, தேர்வெழுதி, பணிக்கு வந்தவர்கள்.

உங்கள் சொந்த நலனையும் யோசியுங்கள் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். துருக்கியில் 2016 ஜூலையில் ராணுவப் புரட்சி முயற்சி தோற்ற ஒரு வாரத்தில், முதல் அவசர ஆணை 1,229 சங்கங்களையும் அறக்கட்டளைகளையும் பட்டியலிட்டு மூடியது. தனித்தனி விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. ஆணையின் பின்னிணைப்பில் பெயர் இருந்தால் முடிந்தது. சரி, புரட்சி செய்தவர்களோடு தொடர்புள்ளவர்கள் போலும் என்று பல அலுவலர்கள் நினைத்திருப்பார்கள். அடுத்தடுத்த ஆணைகளின் பின்னிணைப்புகளில் அலுவலர்களின் பெயர்கள் வந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், நீதிபதிகள் வேலை இழந்தார்கள். அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதிகள் இருவர்கூடக் கைதானார்கள். அப்போது அவர்களுக்காகக் கேட்க ஆள் தேடினால், கேட்கக்கூடிய சங்கங்கள் பலவும் ஏற்கெனவே மூடிக் கிடந்தன.

கடைசியாக உறுப்பினர் பட்டியல்கள் பற்றி. எங்களிடம் நீங்கள் வாங்கி வைத்திருக்கும் மிக அபாயமான காகிதம் அதுதான். 1941இல் நெதர்லாந்தில் மக்கள்தொகைப் பதிவேட்டின் தலைமை ஆய்வாளராக இருந்த யாகோபஸ் லென்ட்ஸ், போலியாகத் தயாரிக்கவே முடியாத அளவுக்குத் துல்லியமாக வடிவமைத்த அடையாள அட்டை புழக்கத்துக்கு வந்தது. வேலைத்திறன் மீதிருந்த பெருமிதம். அந்தப் பதிவேடுகள் யூதர்களைத் தேடிப் பிடிக்க நாஜிகளுக்கு உதவின என்பது வரலாறு. அதே ஆண்டில் பிரான்சின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் ரெனே கார்மிய் நடத்திய கணக்கெடுப்பில் யூதர்களை அடையாளம் காட்டும் ஒரு கேள்வி இருந்தது. அதன் விடைகள் தொகுக்கப்படவே இல்லை. அவர் நோக்கம் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு. 1944இல் கைதாகி, 1945 ஜனவரியில் டாஹாவ் முகாமில் இறந்தார் என்பதில் வாதம் இல்லை. நீங்கள் யாரும் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. வேறு துறையிலிருந்து ஒருவர் வந்து உறுப்பினர் விவரங்களை மொத்தமாகக் கேட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கடிதத்துக்குப் பதில் வராமலேயே பல கோரிக்கைகள் கிடப்பில் போய்விடும். உங்கள் அலுவலகங்களில் எங்கள் மனுக்கள் கிடப்பில் போவதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஞானம் இது.

நான் கேட்பவை அதிகமில்லை. எல்லாமே உங்கள் விதிப் புத்தகத்துக்குள் இருப்பவை. வாய்மொழி உத்தரவு வந்தால், இன்னார் இன்ன தேதியில் சொன்னார் என்று கோப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ரத்து ஆணையில் 'பொதுநலன் கருதி' என்று மட்டும் எழுதாமல் எந்த விதி, எந்தச் செயல், என்ன ஆதாரம் என்று எழுதுங்கள். மேல்முறையீட்டில் நாங்கள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியாவது இருக்கும். விடுபட்ட ஒரு படிவத்துக்கு அபராதம் போதுமானால் அபராதத்தோடு நிறுத்துங்கள். கணக்கை முடக்கும் முன் அந்தக் கணக்கிலிருந்து அந்த மாதம் சம்பளம் வாங்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிலளிக்க ஏழு நாள், பதினைந்து நாள் என்று சட்டம் இடம் கொடுத்தால் பதினைந்தைக் கொடுங்கள். உங்களால் கையெழுத்திடவே முடியாத ஒரு கோப்பு வந்தால், ஏன் முடியாது என்று குறிப்பெழுதி மேலே அனுப்புங்கள். மேலே உள்ளவர் தன் பெயரில் கையெழுத்திடட்டும். கையெழுத்துக்கு ஆள் கிடைக்காமல் போய்விடும் என்று நான் கனவு காணவில்லை. அடுத்த ஆளைத் தேட ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தில் எங்களால் ஒரு வழக்கறிஞரைப் பிடிக்க முடியும், ஆவணங்களைப் பிரதி எடுத்து வைக்க முடியும், நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்க முடியும்.

ஒருமுறை போடப்பட்ட சட்டம் போட்டபடியே இருக்கும் என்பதும் கிடையாது. எத்தியோப்பியா அந்த 10 சதவீதச் சட்டத்தை 2019இல் தூக்கிவிட்டுப் புதியது எழுதியது. கென்யா நாடாளுமன்றம் 2013இல் 15 சதவீத வரம்பு கொண்ட மசோதாவைத் தோற்கடித்தது. ஹங்கேரி 2017இல் போட்ட வெளிநாட்டு நிதிச் சட்டம் தவறு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஜூனில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. வேறு பெயரில் வேறொன்று 2023இல் வந்தது, அது தனிக் கதை. இப்படிச் சட்டம் போய்ச் சட்டம் வரும்போது பழைய கோப்புகளை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். குறிப்புகளின் கீழே பெயரும் தேதியும் இருக்கும்.

இப்போதைக்கு ஓர் உடனடி வேண்டுகோளோடு முடிக்கிறேன். கெடு தாண்டியும் முடிவு சொல்லாமல் உங்களிடம் இருக்கும் புதுப்பித்தல் மனுக்களை இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். தருவதாக இருந்தால் தாருங்கள். மறுப்பதாக இருந்தால், காரணத்தோடு எழுத்தில் மறுத்துவிடுங்கள். நாங்கள் நீதிமன்றத்துக்குப் போக அந்தக் காகிதம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் உட்காரும் ஒரு கணக்கர்